ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்க வேண்டும்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதிக் கொடுத்தது.)



பரிசளிப்பு விழாவுக்குப் பேச வருகிறவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கம்பியும் ரேடியோவும்தான். தொலைபேசி இலாகாவில் சேர்ந்து, அது கம்பெனியான பிறகும் அங்கேயே இருந்து, ஓய்வு பெற்றவன் நான். ஆகவே இன்று ஒரு ரேடியோவைப் பற்றிப் பேசப் போகிறேன். பாட்டுக் கேட்கும் ரேடியோ அல்ல. போலீசும் பொம்பாவும் ஆம்புலன்சும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோ. அது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

1971ஆம் ஆண்டு. நான் இதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. நாங்கள் இருந்தது நான்காம் டிவிஷன் லயம். பலகை வீடு, தகரக் கூரை. மழை இல்லாத காலம். ஒரு நாள் ராத்திரி எட்டு மணி இருக்கும், யார் வீட்டிலோ மண்ணெண்ணெய் விளக்கு சாய்ந்துவிட்டது. நாங்கள் வெளியே ஓடி வந்து திரும்பிப் பார்ப்பதற்குள் மூன்றாவது வீட்டுக் கூரையில் தீ. தோட்டத்தில் டெலிபோன் ஒன்றே ஒன்று, ஆபீசில். ஆபீஸ் பூட்டியிருக்கிறது. கிராணி வீட்டுக்கு ஒருவர் ஓட, இன்னொருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்கே போய்விட்டார்.

முதலில் வந்தது போலீஸ் ஜீப். பின்னாலேயே பொம்பா வண்டியும் வந்தது. ஆனால் சந்திப்பில் வலது பக்கம் திரும்புவதற்குப் பதிலாக இடது பக்கம் திரும்பி மூன்றாம் டிவிஷனுக்குப் போய்விட்டது. பால்மரங்களுக்கு நடுவே அதன் சிவப்பு விளக்கு எதிர் மேட்டில் ஏறிப் போவது எங்களுக்கே தெரிந்தது. ஜீப்பில் இருந்த போலீஸ்காரருக்கும் தெரிந்தது. அவர் கையில் ரேடியோ இருந்தது. அந்தப் பொம்பா வண்டியிலும் ரேடியோ இருந்தது. ஆனால் இவர் பேசினால் அங்கே கேட்காது. இவர் ஸ்டேஷனுக்குப் பேச வேண்டும், ஸ்டேஷன் டெலிபோனில் பொம்பா நிலையத்தைக் கூப்பிட வேண்டும், அந்த நிலையம் தன் வண்டிக்குப் பேச வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்து, ஒற்றையடி மண் பாதையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு அவர்கள் வருவதற்குள் எங்கள் வரிசையில் ஐந்து வீடு போய்விட்டது. உயிர்ச் சேதம் இல்லை, அது கடவுள் புண்ணியம். என் பாடப் புத்தகம் எல்லாம் போயிற்று. என் அக்காளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெட்டியில் வைத்திருந்த கூறைப்புடவையும் போயிற்று. அந்தப் போலீஸ்காரர் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு, "அங்கே இல்லை, இங்கே, இங்கே" என்று மேட்டைப் பார்த்து வெறும் வாயால் கத்திக்கொண்டிருந்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இப்போது ஐம்பது வருடத்தைத் தாண்டி, அமெரிக்காவுக்கு வாருங்கள். என் மகள் அங்கே மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறாள். கனடா எல்லையை ஒட்டிய மாநிலம். நம் தீபகற்ப மலேசியாவைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் பரப்பு. 87 மாவட்டங்கள், ஆயிரக்கணக்கான ஏரிகள், ஆண்டில் நான்கைந்து மாதம் பனி. 2018ஆம் ஆண்டு கடைசியில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போன நான், குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தேன். மருமகன் பார்த்தார். "மாமா, உங்களுக்குப் பொழுது போக வேண்டுமே" என்று ஒரு ஸ்கேனர் வாங்கி வந்து அடுக்களை மேசையில் வைத்தார். கையடக்கமான ரேடியோதான். அந்த மாநிலத்துப் போலீசும் பொம்பாவும் பேசுவதை அதில் கேட்கலாம். அங்கே பூட்டுப் போடாத பேச்சை வீட்டில் உட்கார்ந்து கேட்பது குற்றமில்லை. காரில் கொண்டுபோக மட்டும் அந்த மாநிலத்தில் கட்டுப்பாடு உண்டு. "மறந்துபோய்க் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறிவிடாதீர்கள் மாமா" என்று இரண்டு தடவை சொல்லி வைத்தார்.

நம் நாட்டில் இதைச் செய்யாதீர்கள். இங்கே அனுமதியில்லாமல் பிறர் தகவலை ஒட்டுக் கேட்பது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டப்படி குற்றம். பையன்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த மாநிலத்தின் வலைக்கு ஆர்மர் என்று பெயர். முன்னூறுக்கும் மேற்பட்ட கோபுரங்கள். போலீஸ், பொம்பா, ஆம்புலன்ஸ், சாலை இலாகா, பனி தள்ளும் லாரி எல்லாம் அந்த ஒரே வலையில் பேசுகின்றன. இதை டிரங்க் முறை என்கிறார்கள். பெரியவர்களுக்கு டிரங்க் கால் ஞாபகம் இருக்கும். ஒரு டவுனில் ஆயிரம் வீட்டில் டெலிபோன் இருந்தாலும் கோலாலம்பூருக்கு ஆயிரம் கம்பி போட மாட்டோம். ஆயிரம் பேரும் ஒரே நிமிடத்தில் பேசப் போவதில்லை. கொஞ்சம் கம்பி போட்டு, எது காலியோ அதை அடுத்த ஆளுக்குக் கொடுப்போம். அதே கணக்குத்தான் இந்த ரேடியோவிலும்.

மாணவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். இந்தப் பள்ளியில் மாலையில் எட்டு அறைதான் காலி, ஆனால் அறுபது கழகங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கழகத்துக்கும் சொந்த அறை கிடையாது. வாசலில் ஒருவர் ஒலிபெருக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். தமிழ்க் கழகத்துப் பிள்ளை ஒருவர் வாயைத் திறக்க வேண்டும் என்றால் அவரிடம் கேட்க வேண்டும். அவர் உடனே, "தமிழ்க் கழகம், மூன்றாம் அறை" என்று அறிவிப்பார். தமிழ்க் கழகத்துக்காரர்கள் எல்லோரும் மூன்றாம் அறைக்கு ஓடுவார்கள். பேச்சு முடிந்ததும் அறை காலி. அதற்குப் பதில் சொல்ல இன்னொருவர் வாய் திறந்தால், இந்தத் தடவை ஏழாம் அறை. இவ்வளவும் அரை நொடிக்குள் நடக்கிறது. கையில் ரேடியோ வைத்திருக்கிற போலீஸ்காரருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. பட்டனை அழுத்துகிறார், பேசுகிறார், அவ்வளவுதான்.

கழகம் என்று நான் சொன்னதுதான் பேச்சுக் குழு. ஒலிபெருக்கிக்காரர்தான் கட்டுப்பாட்டு அலை. அது ஒரு நொடியும் ஓயாமல், நொடிக்கு 9,600 குறிகள் வீதம், யார் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய காலத்து ஸ்கேனரை வைத்து இந்த வலையைக் கேட்டால் மூன்றாம் அறை வாசலில் காதை வைத்துக்கொண்டு நிற்பது மாதிரி. போலீஸ் பேச்சில் ஒரு வாக்கியம், பனி லாரி டிரைவர் பேச்சில் ஒரு வாக்கியம், ஆஸ்பத்திரிப் பேச்சில் ஒரு வாக்கியம். தலையும் வாலும் புரியாது. 1990களின் பிற்பகுதியில்தான் ஒலிபெருக்கிக்காரரின் அறிவிப்பையும் சேர்த்துக் கேட்டுக் குழுவின் பின்னாலேயே ஓடுகிற ஸ்கேனர் வந்தது. பிறகு பேச்சே மின்னிலக்கமாக, அதாவது எண்களாக, மாறியபோது மறுபடி புதுக் கருவி தேவைப்பட்டது. அதிலும் ஒரு தொல்லை. நகரத்துக்குள் பல கோபுரங்கள் ஒரே பேச்சை ஒரே அலையில் ஒரே நேரத்தில் அனுப்பும். திருவிழாவில் கோயிலுக்கு முன்னால் ஒரு ஒலிபெருக்கி, குளத்தங்கரையில் ஒரு ஒலிபெருக்கி, நடுவில் நிற்கிறவனுக்கு ஒரு வார்த்தையும் விளங்காதே, அது போல ஸ்கேனர் திணறும். இந்தக் குறையைத் தீர்த்து வந்த கருவி 2018இல்தான் கடைக்கு வந்தது. நான் போன வருடம். அந்த வகையில் எனக்கு அதிர்ஷ்டம்.

என் பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. இந்த விளையாட்டில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் குழு எண்களை எழுதி, எதிரில் யார் பேசுகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தான். ஒரு நாள், "தாத்தா, வடக்கே ரொம்ப தூரத்து மாவட்டத்து ஆம்புலன்ஸ் நம் பக்கம் வந்திருக்கிறது" என்றான். எனக்கு ஆச்சரியம். எப்படித் தெரியும்? இந்த வலையில், ஒரு குழுவின் ஆள் ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருந்தால்தான் அந்தக் குழுவின் பேச்சை அந்தக் கோபுரம் அனுப்பும். ஆள் இல்லாவிட்டால் வீணாக அனுப்பாது. ஆகவே வழக்கமாக இங்கே கேட்காத குழு எண் திடீரென்று கேட்டால், அந்த ஊர் வண்டி ஒன்று நம் ஊருக்குள் வந்திருக்கிறது என்று அர்த்தம். அவன் அதை யாரும் சொல்லிக் கொடுக்காமல் தானே கண்டுபிடித்திருந்தான். கணக்குப் பாடத்தில் அவன் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம். ஏரிகள் அப்போதுதான் உறையத் தொடங்கியிருந்தன. மேலே கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் உடையும். மீன் பிடிக்கப் போன ஒருவர் உள்ளே விழுந்துவிட்டார். கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண், போலீசையும் பொம்பாவையும் ஆம்புலன்சையும் ஒரே பேச்சுக் குழுவுக்கு வரச் சொன்னார். அதற்குப் பிறகு நான் கேட்டதெல்லாம் ஒரே இடத்தில். முதலில் போய்ச் சேர்ந்த போலீஸ்காரர் கரையில் நின்றுகொண்டு, "தெற்குப் பக்கப் பாதையில் வராதீர்கள், அங்கே வண்டி நிற்க இடமில்லை, கிழக்குப் பக்கமாக வாருங்கள்" என்றார். உடனே பொம்பா வண்டியிலிருந்து, "கேட்டது, கிழக்கு" என்று பதில். பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்துகொண்டிருந்த இன்னொரு வண்டியும், "எங்களுக்கும் கேட்டது" என்றது. பத்துப் பதினைந்து நிமிடத்தில், "ஆளைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டோம், பேசுகிறார்" என்றார்கள். அந்தப் பெண் நேரத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

நான் ஸ்கேனரை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மகள், "ஏம்ப்பா, என்ன ஆச்சு?" என்றாள். "கிழக்கு என்று சொன்னார், அவர்களுக்குக் கேட்டது" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் லயம் எரிந்த கதையை அன்றைக்குத்தான் அவளிடம் முழுதாகச் சொன்னேன்.

ஒரே வலை வேண்டும் என்ற எண்ணம் அந்த நாட்டுக்கும் சும்மா வந்துவிடவில்லை. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11இல் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததை நீங்கள் அறிவீர்கள். வடக்குக் கோபுரமும் விழப் போகிற நிலையில் இருப்பதைப் போலீஸ் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். அது போலீஸ் ரேடியோவில் போயிற்று. உள்ளே மாடிப்படியில் இருந்த பொம்பாக்காரர்களின் ரேடியோ வேறு. அன்று இறந்த தீயணைப்பு வீரர்கள் 343 பேர். அத்தனையும் ரேடியோ செய்த வினை என்று நான் சொல்ல மாட்டேன். வேறு பல காரணங்களும் உண்டு. ஆனால் அந்த ஹெலிகாப்டர் செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஜீப் போலீஸ்காரர் ஞாபகம் வரும்.

அதற்கு ஆறு வருடம் கழித்து, 2007 ஆகஸ்டு 1ஆம் தேதி, மாலை 6 மணி 5 நிமிடத்துக்கு மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் இடிந்து விழுந்தது. வேலை விட்டு வீடு திரும்பும் நேரம். 111 வாகனங்கள் பாலத்தோடு போயின. 13 பேர் மாண்டார்கள், 145 பேருக்குக் காயம். ஒரு பள்ளிப் பேருந்தும் அந்தப் பாலத்தில் இருந்தது. உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பேருந்து கீழே போய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டது. பக்கத்திலேயே ஒரு லாரி எரிந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அன்று கைப்பேசிகள் நெரிசலில் திணறின. ஆனால் போலீசும் பொம்பாவும் ஆம்புலன்சும் புதிய வலையில் ஒன்றோடொன்று பேச முடிந்தது. அப்போது அந்த வலை நகரத்துச் சுற்றுவட்டாரத்தில்தான் முடிந்திருந்தது. மாநிலம் முழுவதற்கும் பரவியது பிற்பாடுதான்.

குறையே இல்லாத கருவி என்று நினைத்துவிட வேண்டாம். பழைய ரேடியோவில் அலை குறைந்தால் இரைச்சல் கூடும், ஆனாலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கலாம். மின்னிலக்க ரேடியோ கடைசி வரை தெளிவாகப் பேசும், பிறகு சட்டென்று ஊமையாகிவிடும். இன்னொன்று, இது மனிதக் குரலை எண்ணாக்கப் பழகிய கருவி. முகமூடிக்குள்ளிருந்து பேசும் பொம்பாக்காரரின் பக்கத்தில் ரம்பமோ அபாய மணியோ அலறினால், அதையும் குரலென்று நினைத்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். 2008இல் அமெரிக்கத் தீயணைப்புத் தலைவர்களின் சங்கமே இதை ஆராய்ந்து எச்சரிக்கை செய்தது. வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் அதிகாரிகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

சரி, இதை ஊரார் கேட்கலாமா? கேள்வி புதிதல்ல. 1928இல் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸ்தான் ரோந்துக் கார்களுக்கு ரேடியோவில் செய்தி அனுப்புவதில் முதன்முதலாக வெற்றி கண்டது. அதற்கு முந்திய சோதனைக் காலத்தில் அவர்களுக்குக் கிடைத்தது பொழுதுபோக்கு நிலையத்துக்கான லைசென்சு. ஆகவே திருட்டுப் போன காரைப் பற்றி அறிவிப்பதற்கு நடுவில் பாட்டும் போட்டாக வேண்டும். போலீசும் பாட்டுப் போட்டது! அன்றிலிருந்தே வீட்டில் இருந்தவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

நான் கேட்டதில் எனக்கு வெட்கமாக இருந்த நேரமும் உண்டு. ஒரு கிழவி படுக்கையில் நனைத்துக்கொண்டு கீழே விழுந்துகிடக்கிறாள் என்று வயதும் வீட்டு எண்ணும் சொல்லி ஆம்புலன்சைக் கூப்பிடுகிறார்கள். அது என் அம்மாவாக இருந்தால்? லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒரு பலகைதான். அவர்கள் சண்டை, அழுகை எல்லாம் காதில் விழும். ஆனால் விழுந்ததை மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் போய்ச் சொன்னவளை ஊர் மதிக்காது. 2013இல் பாஸ்டன் நகரத்தில் குண்டு வைத்தவர்களைத் தேடிய இரவில், ஆயிரக்கணக்கானோர் போலீஸ் ரேடியோவைக் கேட்டுக்கொண்டே கேட்டதையும் கேட்காததையும் கைப்பேசியில் பரப்பினார்கள். போலீஸ் ரேடியோவில் சொன்னார்கள் என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத ஒரு மாணவனின் பெயரைக் குற்றவாளியாக்கினார்கள். அந்தக் குடும்பம் அப்போது காணாமல் போன பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் காட்டித்தான் இப்போது பூட்டுப் போடுகிறார்கள். பேச்சை மறைகுறியாக்கிவிட்டால் சாவி உள்ள ரேடியோவுக்கு மட்டும்தான் கேட்கும். சிகாகோவில் 2022இல் தொடங்கினார்கள். அங்கே பொதுமக்களுக்கு அரை மணி நேரம் தாமதித்துத் தருவது என்று ஒரு வழி வைத்தார்கள். நியூயார்க்கில் 2023இல் தொடங்கியது. 2025இல் மினியாபொலிஸ் போலீசும் பூட்டிக்கொண்டது. பேரன் நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்து எண்கள் பலவற்றுக்கு எதிரில் இப்போது ஒரு பூட்டுப் படம் வரைந்து வைத்திருக்கிறான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் சொல்கிறேன். நோயாளியின் விவரத்தையும், திருடனைச் சுற்றி வளைக்கும் நேரத்துப் பேச்சையும் பூட்டுவது நியாயம். அன்றாடப் பேச்சை முழுக்கப் பூட்டுவது சரியில்லை. சிகாகோவைப் போலத் தாமதித்தாவது கொடுக்கலாம். தெருவில் போலீஸ் என்ன செய்கிறது என்று பத்திரிகைக்காரனுக்கும் ஊராருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமாக, தொழில் தெரிந்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு பயம் உண்டு. பூட்டு என்றால் சாவி. சாவியை மாற்றும்போது பக்கத்து மாவட்டத்துப் பொம்பாவுக்குக் கொடுக்க மறந்துவிட்டால், அந்த வண்டி வரும்போது மறுபடியும் இவர் பேசுவது அவருக்குக் கேட்காது. அத்தனை கோபுரம் கட்டிய பிறகு, இடது பக்கம் திரும்பிப் போகும் வண்டியைப் பார்த்து ஒருவர் வெறும் வாயால் கத்திக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு விண்ணப்பத்தோடு முடித்துக்கொள்கிறேன். பொம்பாவுக்கு 994 என்று கூப்பிட்ட காலம் போய், இன்று போலீசுக்கும் பொம்பாவுக்கும் ஆம்புலன்சுக்கும் நாம் கூப்பிட வேண்டிய எண் ஒன்றே, 999. எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனால் கூப்பிட்டவுடன் எங்கே வர வேண்டும் என்று சொல்லத் தெரிய வேண்டுமே. தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எத்தனையாவது டிவிஷன், பெரிய சாலையிலிருந்து எந்தச் சந்திப்பு, அங்கே வலமா இடமா, அடையாளம் கோயிலா கடையா, இவ்வளவையும் மலாய் மொழியில் தெளிவாகச் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைகளிலிருந்து ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுக்கு வரும் வழியை நான்கு வரியில் மலாயில் எழுதி மனப்பாடம் செய்ய வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நன்றாக எழுதும் மூன்று பிள்ளைகளுக்கு அடுத்த ஆண்டு விழாவில் என் செலவில் பரிசு உண்டு. செயலாளரிடம் சொல்லிவிட்டேன்.

இனிப் பரிசுகளுக்கு வழி விடுகிறேன்.